பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் எழுத்தறிவுச் சுவரொட்டிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன். டிஜிட்டல் எழுத்தறிவுக்காகச் சுவரொட்டி, துண்டறிக்கை, வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் என்று சில ஆண்டுகளாகச் செய்துவருகிறோம். மற்ற கல்லூரி நூலகர்களும் என்.எஸ்.எஸ். பொறுப்பாசிரியர்களும் மாணவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

வேண்டும். ரீல்ஸ் எடுத்துப் பாட்டு சேர்த்துப் பத்து நிமிடத்தில் போட்டுவிடும் ஒரு மாணவிக்கு, உதவித்தொகை விண்ணப்பத்தில் "புகைப்படம் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும்" என்று வந்தால் கை நின்றுவிடுகிறது. அது அவள் அறிவின் குறை இல்லை. அந்தப் போன் அவளுக்கு வேறு வேலைக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு, இதையெல்லாம் கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் கேட்கிறார்கள். ஆதார் எண்ணையும் பாஸ்வேர்டையும் அங்கேயே சொல்லிவிட்டு வருகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் டிஜ்காம்ப் என்ற சட்டகத்தை வெளியிட்டது. தகவலைத் தேடி மதிப்பிடுவது, பிறரோடு தொடர்புகொண்டு சேர்ந்து வேலை செய்வது, உள்ளடக்கம் உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கலைத் தீர்ப்பது என்று அதில் ஐந்து பகுதிகள். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் எதை விட்டுவிட்டோம் என்று பார்க்க உதவும். எங்கள் சுவர்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த அன்று எனக்கு வருத்தமாகிவிட்டது. பத்தில் எட்டு பாதுகாப்பைப் பற்றியவை. தேடுவது, மதிப்பிடுவது பற்றி ஒன்றுகூட இல்லை. அதுவும் நூலகச் சுவரில்!

எந்தத் தலைப்பில் தொடங்குவது?

நூலக கவுண்டரிலும் மாணவர் சேவைப் பிரிவிலும் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு மாதம் மாணவர்கள் கேட்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே குறித்துவையுங்கள். தலைப்புகள் அதிலிருந்து வரட்டும், குழுக் கூட்டத்திலிருந்து வேண்டாம்.

எங்கள் நோட்டில் வந்தவை சில. "10% வரைக்கும் காப்பி அடிக்கலாமாமே?" இது யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையிலிருந்து கிளம்பிய தவறான புரிதல். மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை என்றுதான் அந்த விதி சொல்கிறது. அடுத்தவர் எழுத்தை எடுத்துக்கொள்ளப் பத்து சதவீதப் பங்கு ஒதுக்கவில்லை. "இந்தக் கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது" என்பது இன்னொன்று. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. உங்கள் நிறுவனம் அந்தத் திட்டத்தில் இருந்தால், "பணம் கேட்டால் கட்டாதே, முதலில் நூலகத்தில் கேள்" என்ற ஒரு வரி பல ஆராய்ச்சி மாணவர்களின் காசை மிச்சப்படுத்தும்.

அப்புறம், சாட்பாட் கொடுத்த நூற்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத புத்தகங்களை அலமாரியில் தேடும் மாணவர்கள். அவர்களுக்காக "ஏ.ஐ. சொன்ன புத்தகம் உண்மையிலேயே இருக்கிறதா? இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறோம்" என்று கவுண்டர் முன்னால் ஒரு சிறு பலகை வைத்தோம். நாங்கள் செய்ததிலேயே அதிகம் பேரைப் பேசவைத்தது அந்தப் பலகைதான்.

ஒரு சுவரொட்டியில் எத்தனை செய்திகள் வைக்கலாம்?

ஒன்று. அந்த ஒன்றும் அறிவுரையாக இல்லாமல் ஒரு செயலாக இருக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு முதலாண்டு மாணவனிடம். பழைய சைக்கிளை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தான். வாங்குகிறேன் என்று பேசியவன் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, "பணம் அனுப்ப ஒரு கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணி உன் பின் நம்பரைப் போடு" என்றிருக்கிறான். விடுதிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. அவன் தினமும் கடந்துபோகும் படிக்கட்டில் நாங்கள் ஒட்டிய பெரிய சுவரொட்டி இருந்தது. "இணையப் பாதுகாப்பு நம் அனைவரின் பொறுப்பு" என்று தலைப்பு. கீழே பன்னிரண்டு குறிப்புகள். ஒரு பூட்டின் படம். "அதைப் பார்க்கலையாப்பா?" என்று கேட்டேன். "படிச்சேன் மேடம். அது இதப் பத்தினதுன்னு தெரியல" என்றான்.

அன்று மாலையே அதைக் கழற்றினோம். அதற்குப் பதில் ஒட்டியது ஏ3 அளவில் ஒரு போன் திரை. யு.பி.ஐ. பின் கேட்கும் அதே பக்கம், அதே வட்டங்கள். மேலே ஒரே வரி: "பணம் வர யு.பி.ஐ. பின் தேவையில்லை. பின் கேட்டால் பணம் போகிறது." பின்னைப் போட்டால் பணம் அனுப்பலாம், இருப்பைப் பார்க்கலாம், பெறுவதற்கு அது எதற்கும் பயன்படாது. இந்த ஒரு உண்மை தெரிந்துவிட்டால், ராணுவக்காரன் கதை மாறி நாளைக்கு வேறு கதை வந்தாலும் மாணவனின் விரல் நிற்கும்.

மற்ற பதினொரு குறிப்புகள் என்ன ஆயின என்று கேட்பார்கள். அவற்றில் ஐந்து தனித்தனிச் சுவரொட்டிகளாயின. மீதியைக் கைவிட்டோம், யாரும் தேடவில்லை.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில். ஆனால் போன் திரையில் எந்தச் சொல் வருகிறதோ அந்தச் சொல்லை அப்படியே காட்டுங்கள். "இருபடிச் சரிபார்ப்பு" என்று மட்டும் எழுதினால், செட்டிங்ஸில் போய் அதைத் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது. அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து, தொட வேண்டிய இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் அது என்ன செய்யும் என்று தமிழில் சொல்லுங்கள்.

நடை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "கடவுச்சொல்லினைப் பிறரிடம் பகிர்வதைத் தவிர்க்கவும்" என்பது அலுவலகச் சுற்றறிக்கை. "ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதே, பேங்க் மேனேஜரே கேட்டாலும்" என்பது பக்கத்தில் நிற்கும் அக்கா சொல்வது. இரண்டாவதுதான் மனதில் தங்குகிறது. ஒருமையில் பேசுவது மரியாதைக் குறைவு என்று எங்கள் குழுவில் ஒருவர் தயங்கினார். சரி, மாணவர்களிடமே கேட்போம் என்று இரண்டையும் காட்டினோம். "நீ" என்றால் தோழி சொல்வதுபோல் இருக்கிறது என்றார்கள். பணியாளர்களும் பெற்றோரும் பார்க்கும் இடங்களில் மட்டும் "நீங்கள்" வைக்கிறோம்.

தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றனவே, என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். காரணங்கள் மூன்று.

முதலாவது, பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற, யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் தெரியும். அந்த முறையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்திருக்கிறார்கள். அரைப்புள்ளியின் இடத்தில் இருப்பது நம் மெய்யெழுத்தின் புள்ளி. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பல அச்சகங்களும் அலுவலகங்களும் பழையதை விடவில்லை. பழைய வாசகம் கைக்கு வந்தால் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு வரி வரியாகப் படித்துப் பாருங்கள், ஸ்ரீ, க்ஷ போன்ற இடங்களில் தவறு ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, மென்பொருளின் அமைப்பு. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை இடப்பக்கம் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு வலப்பக்கம் தனியே நிற்கும், "கொ" மூன்று துண்டாகும். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளில் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர். இன்க்ஸ்கேப், லிப்ரே ஆபிஸ் இரண்டும் இலவசம், தமிழை ஒழுங்காகவே காட்டும்.

மூன்றாவது, வடிவமைப்பாளரின் கை. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை விரித்தால் ஆங்கிலம் அழகாகத் தெரியலாம். தமிழில் கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகிப்போகும். அதைத் தொடவே தொடாதீர்கள். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துரு பொதிந்த பி.டி.எஃப். கொடுங்கள், இல்லையென்றால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிக் கொடுங்கள். மூலக்கோப்பையே அனுப்பினால் அங்கே அந்த எழுத்துரு இருக்காது. வேறொன்று வந்து உட்காரும். 200 பிரதி அச்சாகி வந்த பிறகு அதைப் பார்த்த வேதனை எனக்கு உண்டு.

எந்த எழுத்துரு? எவ்வளவு பெரிதாக?

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம், பல தடிமன்களில் கிடைக்கும். தலைப்புக்கு பலூ தம்பி நன்றாக இருக்கும். ஒரு சுவரொட்டிக்கு ஓர் எழுத்துரு போதும்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஆங்கிலச் சுவரொட்டியைப் பார்த்து வடிவமைத்தவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். அழுத்தம் வேண்டுமென்றால் அளவைக் கூட்டுங்கள், தடித்த வடிவத்தை எடுங்கள், சுற்றிலும் வெற்றிடம் விடுங்கள். சாய்வெழுத்து வேண்டாம். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவை மென்பொருளே தடிக்கவைத்தால் ண, ணை, ழ எல்லாம் உள்ளே அடைத்துப்போகும்.

இன்னொன்று, வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிட அதிகம் இடம் விடுங்கள். மேல் வரியில் "மு", "கூ" கீழே இறங்கும், கீழ் வரியில் "தி", "கீ" மேலே ஏறும், இரண்டும் மோதும். எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு வைத்தால் பிரச்சினை இல்லை. இரு ஓரமும் சமமாக நிரப்பாதீர்கள், நம் சொற்கள் நீளம், நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். ஏ3 தாளில் தலைப்பு 72 புள்ளிக்குக் குறையாமலும் மற்றவை 24-க்குக் குறையாமலும் வைக்கிறேன். 24-ல் வாசகம் அடங்கவில்லை என்றால் வாசகத்தைத்தான் குறைக்கிறேன்.

படமும் நிறமும்?

முக்காடு போட்ட ஹேக்கர், பச்சை நிறத்தில் ஓடும் எண்கள், பூட்டு, கேடயம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். நம் மாணவரை ஏமாற்றுகிறவன் அப்படி வருவதில்லை. "ஹாய், பார்ட் டைம் வேலை வேண்டுமா?" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வருகிறான். அந்தச் செய்தியைக் காட்டுங்கள், எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று இணைய அணுகல் வழிகாட்டி சொல்கிறது. அது திரைக்கானது, சுவருக்கும் அதையே பின்பற்றலாம். மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து எந்த வெளிச்சத்திலும் தெரியாது. சிவப்பு தவறு, பச்சை சரி என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும். ஒரு பெருக்கல் குறி, ஒரு சரி குறி சேர்த்தால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தில் உள்ள வாசகத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள். எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் கேட்கும் மாணவருக்கு வெறும் படம் எதுவும் சொல்லாது.

கியூஆர் குறி வைக்கலாமா?

யோசித்து வையுங்கள். கண்ட குறியையும் ஸ்கேன் செய்யாதே என்று சொல்லும் சுவரொட்டியிலேயே ஒரு குறியை வைக்கிறோம். அதனால் குறிக்குக் கீழே அது எந்த முகவரிக்குப் போகிறது என்று படிக்கும்படி அச்சிடுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியாக இருக்கட்டும், சுருக்கிய இணைப்பு வேண்டாம். மேலே வேறு குறியை ஒட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

அளவைப் பொறுத்தவரை, நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம். ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுப்பார்கள் என்றால் 10 சென்டிமீட்டர். சுற்றிலும், குறியில் உள்ள சிறு கட்டங்களில் நான்கின் அளவு வெள்ளை இடம் விடுங்கள்.

பயமுறுத்தினால்தானே கவனிப்பார்கள்?

கவனிப்பார்கள். ஆனால் ஏமாந்த பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள். "ஏமாளியாக இருக்காதே" என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, ஏமாந்தவர் வந்து நம்மிடம் சொல்ல வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? பணம் போனால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, அந்தப் பணம் கைமாறுவதற்குள் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கத்தில் இரண்டு நாள் அழுதுகொண்டு விடுதி அறையில் கிடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். அதனால் எங்கள் சுவரொட்டி இப்படித் தொடங்குகிறது: "பணம் போயிடுச்சா? உன் தப்பு இல்லை. இப்பவே 1930." அதற்குக் கீழே விடுதிக் காப்பாளரின் அலுவலக எண்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் வந்து பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மிரட்டலுக்கும் இதே வழிதான். 2024 அக்டோபரில் பிரதமரே மன் கி பாத் உரையில் அப்படி ஒன்று சட்டத்தில் இல்லை என்று சொன்னார். "வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. கட் பண்ணு" என்பதற்கு மேல் வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விளைவை மறைக்காமல் சொல்ல வேண்டும். "உன் பேங்க் அக்கவுண்டை வாடகைக்குக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று கேட்கிறார்கள். கையில் காசில்லாத பையனுக்கு அது சாதாரண உதவியாகத் தெரிகிறது. அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போனால் வழக்கில் பெயர் வருவது அவனுக்குத்தான். வெளிநாட்டு டேட்டா என்ட்ரி வேலையும் அப்படியே. அதை நம்பிப் போய் மியான்மர், கம்போடியா, லாவோஸ் மோசடி முகாம்களில் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகக் கதவிலேயே "ஏஜென்ட் பெயர் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறதா?" என்று ஒட்டியிருக்கிறோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் பதிவுபெற்ற ஏஜென்ட்களைப் பார்க்க உதவும் அரசுத் தளம் அது.

எங்கே ஒட்டுவது?

விரல் அழுத்தப்போகும் இடத்துக்குப் பக்கத்தில். யு.பி.ஐ. சுவரொட்டி கேன்டீன் கல்லாவில். பொதுக் கணினியில் லாக் அவுட் செய்யச் சொல்வது மானிட்டரின் ஓரத்தில், விரலளவு ஸ்டிக்கராக. ஒப்புமைச் சோதனை பற்றியது ஆராய்ச்சிப் பிரிவின் வரிசையில். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பேசி அவர் கணினிக்கு மேலே "பாஸ்வேர்டை நீயே டைப் செய்" என்று ஒட்டினோம், அவர் மகிழ்ச்சியாகவே சம்மதித்தார். தனிப்பட்ட படங்களை வைத்து மிரட்டினால் யாரிடம் போவது என்பதைக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். யாரும் பார்க்காத இடத்தில்தான் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள முடியும்.

அறிவிப்புப் பலகை கடைசித் தேர்வு. தேர்வு அட்டவணைக்கு அடியில் மூன்று நாளில் மறைந்துவிடும்.

செய்தி உண்மையா என்று பார்ப்பதை ஒரே வரியில் எப்படிச் சொல்வது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், உண்மை சரிபார்ப்பவர்கள் மூவகையினரையும் ஒரே இணையப் பக்கங்களை மதிப்பிடவைத்தார்கள். முதல் இரு வகையினர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து அடிக்கடி ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சீக்கிரமே பக்கத்தை விட்டு வெளியேறி, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். எங்கள் வரி: "நம்புவதற்கு முன் இன்னொரு டேப் திற."

இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுக்கலாமா? ஏ.ஐ. படங்கள்?

கூகுளில் வந்தது என்பதற்காக எடுக்காதீர்கள். விக்கிமீடியா காமன்ஸில், பிறர் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துடன் நிறைய இருக்கின்றன; பெயர் குறிப்பிடக் கேட்டிருந்தால் ஓரத்தில் குறிப்பிடுங்கள். பதிப்புரிமையைக் கற்றுத்தரும் இடம் இது. ஏ.ஐ. படங்களில் தமிழ் எழுத்து பெரும்பாலும் சிதைந்தே வருகிறது, வாசகத்தை நீங்களே தனியாக அடியுங்கள். உண்மையில், உங்கள் வளாகத்து மாணவரின் கையையும் போனையும் அனுமதி வாங்கிப் படமெடுத்தால் இரண்டுமே தேவைப்படாது.

பயன் இருந்ததா என்று எப்படித் தெரியும்?

அச்சிடும் முன்னால் தொடங்குங்கள். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போங்கள். ஒரு மாணவரிடம் ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, "இது என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேளுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் செயலைச் சொல்லவில்லை என்றால் திருத்துங்கள். "நல்லா இருக்கு மேடம்" என்பது பதில் ஆகாது, மறுபடி கேளுங்கள். ஒட்டிய பிறகு அதே கவுண்டர் நோட்டைப் பாருங்கள், எந்தக் கேள்வி குறைந்திருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று. ஏமாந்தவர்கள் வந்து சொல்வது முதலில் கூடும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் முன்பும் ஏமாந்துகொண்டுதான் இருந்தார்கள்.

எப்போது கழற்ற வேண்டும்?

ஒவ்வொன்றின் கீழ் மூலையிலும் மாதமும் ஆண்டும் அச்சிடுங்கள். பருவத் தொடக்கத்தில் ஒருவர் சுற்றிவந்து எல்லாவற்றையும் படித்துப் பார்க்கட்டும். திரைகள் மாறுகின்றன, விதிகளும் மாறுகின்றன. தனிநபர்கள் யு.பி.ஐ.யில் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது, அதைப் பற்றிய எங்கள் சுவரொட்டியை அந்த வாரமே எடுத்துவிட்டோம். எடுக்க மறந்ததும் உண்டு. சைபர் மோசடிப் புகார் எண் முன்பு 155260 என்று இருந்தது, பிறகுதான் 1930 ஆனது. மாறி நெடுநாள் கழித்து, பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடியில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே, அந்தப் பழைய எண்ணோடு எங்கள் சுவரொட்டி ஒன்று வெளுத்துப்போய் நின்றது. யாராவது ஓர் இரவு அதைப் பார்த்து அந்த எண்ணை அழுத்தியிருப்பாளோ என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. இப்போது எந்தச் சுவரில் எது இருக்கிறது என்று ஒரு பட்டியல் என் மேசையில் இருக்கிறது, மாடி வாரியாக.